காற்றுப் பெட்டிக்கு ஒரு சட்டை

எங்கள் வீட்டு சோபா என்ன நிறம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் வாங்கியது. கடையில் பார்த்தபோது நீலம் மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்த அரைமணி நேரத்தில் என் மனைவி அதற்கு உறை போட்டுவிட்டாள். பதினோரு வருடமாக அந்த உறையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். சனிக்கிழமை தோறும் உறை துவைக்கப் போகும், வாஸ்தவம்தான். ஆனால் அவளிடம் எதற்கும் இரண்டு உறை உண்டு. ஒன்றைக் கழற்றும் கையோடு இன்னொன்றை மாட்டிவிடுவாள். நடுவில் எட்டிப் பார்க்க நமக்கு அவகாசம் கிடையாது.

சோபா மட்டுமா? டிவிக்கு உறை. மிக்சிக்கு உறை. ஃபிரிட்ஜின் தலையில் ஒரு விரிப்பு, அதன் கைப்பிடிக்குத் தனியாக ஒரு சட்டை. கேஸ் சிலிண்டருக்குச் சுருக்கம் வைத்த பாவாடை. டிவி ரிமோட் கடையில் கொடுத்த பிளாஸ்டிக் தாளுக்குள்ளேயே இன்னும் குடியிருக்கிறது. எண்கள் தெரியாது, குத்துமதிப்பாகத்தான் அமுக்க வேண்டும். நான் லிஃப்ட் மெக்கானிக். என் கருவிப் பைக்கும் ஓர் உறை தைத்து, மூலையில் ரோஜாப்பூ வேலைப்பாடு செய்து கொடுத்திருக்கிறாள். ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே ஆள் மாட்டிக்கொண்டு கத்தும்போது, நான் வெளியே நின்று ரோஜாப்பூவின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருப்பேன். கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'ரோஜா'.

அவள் பார்க்கிற வேலையும் அதற்குத் தோதானதுதான். நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை போடுகிறாள். பகலெல்லாம் அங்கே உறை, மிச்ச நேரமெல்லாம் இங்கே உறை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குறையாகத்தான் சொல்கிறேன். ஆனாலும் அவள் பக்கம் நியாயம் உண்டு. எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடு, கீழே ஆறு, மேலே ஆறு. பின்சுவரை ஒட்டி ஒரு டயர் பட்டறை, தேய்ந்த டயருக்குப் புதுத் தோல் ஒட்டுகிற இடம். அதன் புகைபோக்கி எங்கள் குளியலறை ஜன்னலுக்கு ஒரு முழம் மேலே வந்து நின்றுவிடும். கட்டினவர் ஏதோ ஞாபகத்தில் பாதியிலேயே இறங்கிப் போயிருக்க வேண்டும். காலை எட்டு மணிக்குப் பட்டறையில் பாய்லரை மூட்டினால், எட்டரைக்கெல்லாம் எங்கள் டிவி உறையில் கரி இறங்கிவிடும். ஜன்னலைத் திறந்தால் கரி உள்ளே வரும். மூடினால் சுவரில் ஓதம் ஏறிப் பூஞ்சை படரும். இரண்டில் எது வேண்டும் என்று நாமே முடிவு செய்துகொள்ளலாம். அந்தச் சுதந்திரத்தில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை.

எங்கள் மகளுக்கு எட்டு வயது. பிறந்தபோது கைக்குள் அடங்கியதால் 'பொடிசு' என்று கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. அவள் நெஞ்சுக்குள் எப்போதும் ஒரு விசில் ஊதிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் ஒரு மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நிற்பாளாம். நிற்கும்போது யாராவது பார்த்தால், செருப்பு வாரைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொள்வாளாம். இது டீச்சர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. வீட்டில் நாங்கள் கேட்டதற்கு, "செருப்பு லூசும்மா" என்றாள். அவள் அம்மா மறுநாளே புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தாள். அதற்கும் வார் லூசாகத்தான் இருந்தது.

டாக்டர், மருந்தை உறிஞ்சுகிற குழாய் ஒன்றைக் கொடுத்தார். "மூச்சுக்கு நான் மருந்து தரேன். வீட்டுக்கு மருந்து எங்கிட்ட இல்ல" என்று சொல்லி அனுப்பினார்.

அந்த மருந்துதான் அரசாங்கத்திடமிருந்து வந்தது. சுகாதாரத் துறையும் வீட்டு வசதித் துறையும் என்ன காரணத்தாலோ ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசி, 'மூச்சு நலத் திட்டம்' என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஒரு வரிசைக்கு ஒரு வீட்டைக் குலுக்கலில் எடுப்பார்கள். அந்த வீட்டில் காற்றை அளக்கும் பெட்டியை ஏழு நாள் வைப்பார்கள். பெட்டியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்கு. ஏழில் நான்கு நாள் சிவப்பு எரிந்தால், பட்டறை புகைபோக்கியை உயர்த்தி வடிகட்டி போட வேண்டும். பன்னிரண்டு வீட்டுக்கும் அரசாங்கமே ஓதச் சுவரைக் கொத்திப் பூசி, தெருப் பக்கம் ஒரு ஜன்னல் வைத்துத் தரும். சிவப்பு எரியாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். மறுபடி நம் முறை வர மூன்று வருடம் ஆகும்.

குலுக்கலில் எங்கள் வீடு வந்தது. மாடியில் இருக்கும் தையல்காரர் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு மூத்தவர், கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை.

"தம்பி, நம்ம பன்னெண்டு வீட்டு மூச்சும் இப்ப உங்க கையிலதான்" என்றார்.

"என் கையில ஒண்ணுமில்லண்ணே. சும்மா இருந்தாப் போதும். மிச்சத்தப் பட்டறை பாத்துக்கும்."

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அரசாங்கத்துப் பெட்டி வரப்போகிறது என்று தெரிந்ததும் என் மனைவி வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். மூன்று நாள் ஒட்டடை அடித்தாள். ஜன்னல் கம்பிகளைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். சுவரில் இருந்த பூஞ்சையைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் காலண்டரை மாட்டினாள்.

"அவங்க அழுக்கப் பாக்கத்தான் வராங்க" என்றேன்.

"அழுக்கப் பாத்துட்டு, இந்த வீட்டுக்காரி லட்சணத்தப் பாருன்னு பேசிக்கிட்டுப் போவாங்க. அது எனக்குத் தேவையா?"

"நம்மளப் பத்தி எதுக்கு..."

"காலத் தூக்குங்க. துடைக்கணும்."

நான் காலைத் தூக்கிக்கொண்டேன். எங்கள் வீட்டில் விவாதங்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

சனிக்கிழமை காலை பெட்டி வந்தது. கொண்டுவந்தவர் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துப் பொறியாளர், இளம் பெண். தெருவில் அவருக்குப் 'பெட்டியம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெட்டி வெள்ளையாக, செருப்புப் பெட்டி அளவில் இருந்தது. பக்கவாட்டில் சல்லடை மாதிரி துளைகள். அதைக் கூடத்து அலமாரியின் மேல் வைத்து, பதினோரு விதிகள் அச்சடித்த தாளைப் படித்துக் காட்டினார். தொடக் கூடாது. நகர்த்தக் கூடாது. திறக்கக் கூடாது. மேலே டம்ளர் வைக்கக் கூடாது. பக்கத்தில் ஊதுவத்தி கொளுத்தக் கூடாது. இப்படிப் பதினொன்று. என் மனைவி பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி தலையாட்டினாள். பெட்டியம்மா சுவிட்சைப் போட்டதும் மஞ்சள் எரிந்தது, பிறகு சிவப்பு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் பச்சை.

மறுநாளும் பச்சை. திங்களும் பச்சை. செவ்வாய்க்கிழமை பட்டறையில் லாரி டயர் வேலை. தெருவில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். பெட்டி மட்டும் பச்சை.

என்ன நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை நான் கிளம்பிய கையோடு என் மனைவி பெட்டியை எட்ட நின்று பார்த்திருக்கிறாள். வெள்ளைப் பெட்டி. புதுசு. அரசாங்கத்துடையது. துளை வழியாகக் கரி உள்ளே போனால் கெட்டுப்போகாதா, நாளைக்கு நம்மைக் கேட்கமாட்டார்களா என்று அவளுக்கு ஒரே கவலை. தொடக் கூடாது என்பதால் ஸ்கேலைப் பக்கத்தில் பிடித்தே அளவெடுத்து, சீட்டில் எழுதி, மாடித் தையல்காரரிடம் கொடுத்திருக்கிறாள். மத்தியானத்துக்குள் இரண்டு உறை தயார். வெளியே வெள்ளைத் துணி, உள்ளே மழைக்கோட்டுத் துணியில் ஒரு மடிப்பு. விளக்கு மூன்றும் தெரிவதற்கு முன்பக்கம் கண்ணாடித்தாளில் சின்ன ஜன்னல்.

அதை நான் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். ஏழு நாளும் பார்த்தேன். உறை போட்ட டிவிக்கும் உறை போட்ட ரேடியோவுக்கும் நடுவில் உறை போட்ட இன்னொன்று இருந்தால் எனக்கு அது உறுத்துமா? பச்சை விளக்கு தெரிந்தது, உறை தெரியவில்லை. பதினோரு வருடப் பழக்கம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தையல்காரர் வந்தார். பெட்டியின் முன்னால் நின்று, இரண்டு விரலால் உறையின் ஓரத்தை நீவினார்.

"நம்ம தையல்தான். தங்கச்சி ரேடியோவுக்குன்னு நெனச்சேன். என்ன பொருத்தமா உக்காந்திருக்கு பாத்தீங்களா தம்பி" என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "ஆனா ஏன் பச்சையாவே எரியுது?"

"அதான் புரியல."

இரண்டு பெரிய மனிதர்கள் கைகளைக் கட்டிக்கொண்டு அந்த உறையையே பார்த்தபடி கால்மணி நேரம் யோசித்தோம். மூளை என்று ஒன்று இருந்தால் அது அப்போது எங்கே போயிருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

பெட்டிக்கு மூக்கு மந்தம் என்று கடைசியில் முடிவுக்கு வந்தோம். கொஞ்சம் பலமாக முகர வைத்தால் விழித்துக்கொள்ளும் என்றார் தையல்காரர். புதன்கிழமை நான் விடுப்பு எடுத்தேன். மனைவி நூலகத்துக்கும் பொடிசு பள்ளிக்கூடத்துக்கும் போனபிறகு வேலையை ஆரம்பித்தோம். முதலில் விரிப்புகளைக் கூடத்தில் வைத்து அடித்தோம். அந்த வீட்டு விரிப்பில் தூசியா இருக்கும்? சோப்பு வாசனைதான் வந்தது. அடுத்து வாணலியில் ஒரு படி காய்ந்த மிளகாயைக் கொட்டி வறுத்தோம். நெடி ஏறித் தையல்காரருக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. அளவு நாடாவிலேயே துடைத்துக்கொண்டார். பச்சை. என் ஸ்கூட்டரைக் கூடத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்து, புகைக்குழாயைப் பெட்டிப் பக்கம் திருப்பி, பத்து நிமிடம் முறுக்கினேன். பச்சை. கடைசியாகப் பட்டறை வாசலில் கிடந்த டயர்த் துண்டு ஒன்றைத் தகர டப்பாவில் கொளுத்தினோம். கூடம் இருட்டிவிட்டது. நான் எங்கே, அவர் எங்கே, வாசல் எங்கே என்று தெரியவில்லை. அந்தக் கருமைக்கு நடுவே பச்சை விளக்கு மட்டும் குளுகுளுவென்று எரிந்தது.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி" என்று சோபாவுக்குப் பின்னாலிருந்து இருமல் கேட்டது. "பெட்டி கவர்மெண்டுதுல்ல. எதுக்கும் அசையாது."

நான்கு மணிக்கு முன்னால் எல்லாவற்றையும் துடைத்து, மின்விசிறியைப் போட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அம்மாவோடு வந்த பொடிசு வாசற்படியில் கால் வைத்தாள். வைத்தபடியே நின்றாள். நெஞ்சுக்குள் விசில் ஆரம்பித்தது. அது வழக்கமாக ஊதுகிற மாதிரி இல்லை, நிறுத்தாமல் ஊதியது. அவள் அம்மா பையை அங்கேயே போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினாள். கடை வாசல் படியில் உட்கார்ந்து மருந்துக் குழாயைப் பிடித்தபடி ஒருமணி நேரம் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் வாங்கி வந்தேன். ஏற்கெனவே தண்ணீர் இருந்தது.

விசில் அடங்கியதும் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க பட்டறைய விட மோசம்" என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் பேசவில்லை. அவள் சொன்னது சரிதான் என்பதால் நானும் வாயைத் திறக்கவில்லை. தையல்காரர் மாடிப்படியில் என்னைப் பார்த்தால் மேலேயே திரும்பிவிடுவார்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பெட்டியம்மா வந்தார். வரிசையே வாசலில் கூடியிருந்தது. முன்னால் தையல்காரர். பெட்டி தினமும் அலுவலகத்துக்கு அனுப்பியிருந்த கணக்குத் தாளைப் பார்த்தபடியே பெட்டியம்மா உள்ளே வந்தார்.

"ஏழு நாளும் பச்சை. எங்க ஆபீஸ்ல இதத்தான் பேசிக்கிறாங்க. இந்த ஊர்லயே சுத்தமான காத்து டயர் பட்டறைக்குப் பின்னாடிதான் இருக்காம். பெட்டி எங்க?"

"அதோ" என்றேன்.

அவர் அலமாரியைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார், மறுபடி நடுவில் பார்த்தார். மெதுவாகக் கிட்டே போய் உறையின் ஓரத்தைத் தூக்கினார்.

"இதுக்குச் சட்டை தச்சது யாரு?"

"நான்தாங்க" என்று தையல்காரர் முன்னால் வந்தார். பாராட்டப்போகிறார் என்று நினைத்துவிட்டார். "உள்ள மழைக்கோட்டுத் துணி, ரெட்டைத் தையல். எமகாதகத் தூசியா இருந்தாலும் ஒரு பொட்டு உள்ள..."

அங்கே நின்றுவிட்டார். கழுத்து நாடா நழுவிக் கீழே விழுந்தது.

என் மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. "தாள்ல தொடக் கூடாதுன்னுதான் போட்டிருந்தது. நான் தொடவே இல்ல. மூடத்தான் செஞ்சேன்" என்றாள்.

பெட்டியம்மா சோபாவில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு சரியாகிவிட்டார். மறுபடி பெட்டி வைக்க வழியில்லை என்றார். இன்றைக்கே அது அடுத்த தெருவுக்குப் போகவேண்டும், வரிசை அப்படி. மூன்று வருடம்.

"ஒரே ஒரு வழி இருக்கு. பெட்டி வேலை செய்யலன்னா, வேற சாட்சி குடுக்கலாம். சுத்தமான ஒரு பொருள் மேல, இத்தனை நாள்ல, இவ்வளவு கரி விழுந்திருக்குன்னு காட்டணும். துடைக்காம வெச்ச தட்டு, துணி, ஏதாவது."

சொல்லிக்கொண்டே அலமாரியில் விரலை ஓட்டிப் பார்த்தார். விரல் அப்படியே வந்தது. ஜன்னல் விளிம்பு, கதவின் மேல்சட்டம், மின்விசிறி இறக்கை, எங்கே தடவினாலும் விரல் வெள்ளை. ஊரையே கரி மூடினாலும் இந்த வீட்டில் சாட்சிக்கு ஒரு துளி கிடைக்காது. பதினோரு வருடமாக ஒருத்தி தன் கையால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"இந்த உறை ஏழு நாளா இருக்குல்ல? இதுகூட வெள்ளையாத்தான் இருக்கு" என்றார்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. இன்றைக்குச் சனிக்கிழமை.

"மேடம், இது ரெண்டாவது உறை. மொதல்ல போட்டது வேற. காலையில துவைக்கக் கழட்டியிருப்பா" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் ஓடினேன். வாளியில் உறைகள் சோப்பு நீரில் ஊறிக்கொண்டிருந்தன. கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். டிவி, மிக்சி, ஃபிரிட்ஜ் கைப்பிடி, சிலிண்டர் பாவாடை, என் ரோஜா. பெட்டியின் உறை இல்லை. முழங்கை வரை நுரையோடு திரும்பி வந்தேன்.

"அது எங்க?"

"துவைச்சாச்சு" என்றாள்.

"கொடியில இல்லையே."

"துவைச்சாச்சுன்னா துவைச்சாச்சு."

சொல்லிக்கொண்டே மேஜை விரிப்பின் மூலையை இழுத்து நேராக்கினாள். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. பொய் சொல்லும்போது அவள் கை சும்மா இருக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் வாசலில் பதினோரு வீட்டுக்காரர்கள் நிற்க, அவளை மேற்கொண்டு கேட்க எனக்கு வாய் வரவில்லை. பெட்டியம்மா பேனாவைத் திறந்து தாளைப் புரட்டினார். கோப்பை மூடுகிற பக்கம்.

அப்போது பொடிசு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலிலிருந்து உள்ளே வந்தாள். விளையாடிவிட்டு வந்திருக்கிறாள். கூடத்தின் பாதியில் மூச்சு முட்டி நின்றாள். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டதும் சட்டென்று குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தாள்.

காலில் செருப்பு இல்லை. வாசலிலேயே கழற்றிப் போட்டிருந்தாள். வெறுங்காலில், இல்லாத வாரை விரலால் தேடிக்கொண்டிருந்தாள்.

என் மனைவி அதைப் பார்த்தாள். உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு தலையணை இருந்தது. தலையணைக்கு மேல் உறையைக் கழற்றினாள். அதற்குள் இருந்த இன்னோர் உறையைக் கழற்றினாள். அதற்குள்ளிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலம் வந்தது. அதைப் பிரித்து, மேஜையின் மேல், எல்லோர் முன்னாலும் விரித்து வைத்தாள்.

ஒரு காலத்தில் வெள்ளைத் துணி. இப்போது அடுப்படிக் கரித்துணிகூட அதற்கு முன்னால் மானமாகத் தெரியும். அதில் கொஞ்சம் எங்கள் புதன்கிழமைக் கைவரிசை, மிச்சமெல்லாம் பட்டறை. மற்ற உறைகளோடு சேர்த்து ஊறவைக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. பொதுக் குழாயடியில் நாலு பேர் பார்க்க அலசவும் கூசியிருக்கிறது. யாரும் இல்லாத நேரம் பார்த்துத் துவைத்துக்கொள்ளலாம் என்று ஒளித்துவைத்திருக்கிறாள். இருபது வயதில் என் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, வெளியாள் ஒருவர் கண்ணில் அழுக்குத் துணியைக் காட்டாதவள். இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் வீட்ட நல்லாத்தான் வச்சிருக்கேன். இத நான் அழுக்காக்கல" என்றாள்.

"தெரியும்க்கா" என்றார் பெட்டியம்மா. அவர் இப்போது சிரிக்கவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு, துணியை உதறாமல் மடித்து ஒரு பையில் வைத்து முத்திரை ஒட்டினார். பிறகு பெட்டி மேல் இருந்த வெள்ளை உறையையும் கழற்றினார். "ரெண்டும் ஒரே மாதிரிதானா?"

தையல்காரருக்கு உயிர் வந்தது. "ஒரே துணி, ஒரே வெட்டு, ஒரே நூல். நூலிழை வித்தியாசம் இருந்தா என் கையை வெட்டிக்கறேன்."

"அதெல்லாம் வேண்டாம். கையெழுத்துப் போடுங்க போதும். ரெண்டையும் எடைபோட்டா எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவும் கரி."

வெள்ளை உறை கழன்றதும் பெட்டிக்கு மூச்சு வந்தது. முதலில் மஞ்சள், பிறகு சிவப்பு. வாசலில் நின்ற பதினோரு வீட்டுக்காரர்களும் கையைத் தட்டினார்கள். தங்கள் வீட்டுக் காற்று நாசமாக இருப்பதற்குக் கைதட்டியவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருக்கும்.

எட்டு மாதம் ஆயிற்று. பட்டறையின் புகைபோக்கி இப்போது மூன்று மாடி உயரம், தலையில் வடிகட்டி. சுவரைக் கொத்திப் பூசிவிட்டார்கள். தெருப் பக்கம் பெரிய ஜன்னல் வந்திருக்கிறது. அதன் கம்பிகளுக்கு என்ன உறை போடுவது என்று அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். விதித்தாளில் பன்னிரண்டாவதாக ஒன்று சேர்ந்துவிட்டது: 'கருவிக்கு உறை போடக் கூடாது.'

போன வாரம் ஒரு கடிதம் வந்தது. சுகாதார அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் மக்கள் பார்வைக்கு ஒரு கண்காட்சி. அதில் எங்கள் துணியை மாட்டியிருக்கிறார்கள், குடும்பத்தோடு வரவும். "ஊரெல்லாம் பாக்கணுமா அத?" என்று என் மனைவி மூன்று நாள் புலம்பினாள். நான்காம் நாள் போனோம்.

லிஃப்ட் ஓடவில்லை. எனக்குக் கை துறுதுறுத்தது, ஆனால் அன்றைக்கு ரோஜாவை எடுத்து வரவில்லை. படியேறினோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. இறங்கி வந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கிறார்களே என்று நான் குனிந்து ஷூ கயிற்றை இழுத்து முடிந்தேன்.

மேலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பொடிசு எப்போதோ மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள். ஒரே ஓட்டம்.

"அப்பா, நானும் முன்னாடி அப்படித்தான் பண்ணுவேன்" என்றாள்.

என் மனைவி என்னைத் தாண்டிப் போனாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதால் அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை.

மேலே கூடத்தின் நடுச்சுவரில் இரண்டு உறைகளும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தன, ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. கீழே 'ஒரு வீடு, ஏழு நாள்' என்று எழுதியிருந்தது. நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கிட்டே போய், கறுப்புத் துணியை மேலும் கீழுமாக நீண்ட நேரம் பார்த்தாள். எடுத்துக் கொடுங்கள், துவைத்துத் தருகிறேன் என்று கேட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

கடைசியில் பெருமூச்சு விட்டாள்.

"நல்லவேளை, கண்ணாடி போட்டு வச்சிருக்காங்க. தூசி படாது" என்றாள்.